குழாய்ச் சட்டைக்கு உள்ளே

— கழட்டுங்க.

— என்னது?

— குழாய்ச் சட்டையைக் கழட்டுங்க கேப்டன்.

— இப்பதான் மேடம் மாட்டினேன்! இதுக்குள்ள நுழையறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துது. தொடையில குழாய், முதுகுல குழாய், கக்கத்துல குழாய்... ஒரு தெருவுக்கே தண்ணி விடலாம் போல.

— அந்தத் தண்ணி உடம்பைச் சுத்தி ஓடலைன்னா விண்வெளி சூட்டுக்குள்ள வெந்து போயிடுவீங்க. பேச்சை மாத்தாதீங்க. சட்டைக்கு உள்ள என்ன போட்டிருக்கீங்க?

— ஒரு ஆம்பளைகிட்ட கேக்குற கேள்வியா மேடம் இது?

— உள்ளாடைப் பிரிவுத் தலைவி கேக்குற கேள்வி. சொல்லுங்க.

— பனியன்.

— பனியனுக்குக் கீழ?

— பனியனுக்குக் கீழ... நான்.

— அதான் தெரியுதே.

— ஐயோ, எங்க தெரியுது?

— இடுப்புல. ரெண்டு விரல் தொய்யுது பாருங்க. உங்க அளவுக்கு இதை வெட்டினதே நான். உள்ள டயப்பர் இருந்தா இப்படித் தொய்யாது.

— மெதுவா மேடம், மெதுவா! வெளிய ஆள் நடமாட்டம் இருக்கு.

— உடுத்திவிடற ஆளை டீ குடிக்க அனுப்பிட்டேன். நானே வந்ததுக்குக் காரணமே இதுதான். நான் குடுத்த டயப்பர் பாக்கெட் எங்க?

— எந்த பாக்கெட்?

— கேப்டன்...

— ...ஷூவுக்குள்ள.

— ஷூவுக்குள்ளயா!

— குப்பைத்தொட்டில போட்டா யாராவது பாத்துடுவாங்கன்னு...

— பிரிக்கக்கூட இல்ல. போன வாரமும் இதே கதைதானா?

— இல்ல இல்ல. போன வாரம் போட்டேன். சத்தியமா போட்டேன்.

— போட்டுக்கிட்டுதான் எடையில்லாம மிதந்து வேலை செய்யற ஒத்திகைக்குத் தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கினீங்க. பாதியில "கையுறை நடுவிரல் இறுக்குது, மேல தூக்குங்க"ன்னு சொன்னீங்க.

— ஆமா. கையுறை இறுக்கிச்சு.

— கையுறைப் பிரிவுல ஒருத்தர்கூட ஒழுங்கா சாப்பிடல, தெரியுமா? அந்த நடுவிரலைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறாங்க. எங்க தப்பு பண்ணோம்னு ராவும் பகலும் மண்டையை உடைச்சுக்கிறாங்க. அந்தப் பிரிவு அக்கா நேத்து என்கிட்ட வந்து அழுதாங்க. அந்தக் கையுறையை நான் என் கையிலயே மாட்டிப் பாத்தேன் கேப்டன். ஒரு கோளாறும் இல்ல.

— உங்க விரல் சின்னது.

— உங்க வாய் பெருசு. உதட்டைக் காட்டுங்க.

— எதுக்கு?

— வெடிச்சிருக்கு. தண்ணி எப்ப குடிச்சீங்க?

— காலைலதான்...

— பொய்.

— நேத்து.

— நேத்து எப்ப?

— ...மத்தியானம் இருக்கும்.

— அடப் பாவி மனுஷா! இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் தொட்டிக்குள்ள கிடக்கணும். அந்த சூட்டுக்குள்ள கையை ஒரு தடவை நீட்டி மடக்கறதே மூட்டை தூக்கற வேலை. தண்ணி குடிக்காம இறங்கினா தலை சுத்தாம என்ன பண்ணும்? போன வாரம் அதானே ஆச்சு?

— மேடம், இத பாருங்க. நான் போர் விமானம் ஓட்டினவன். பசி, தாகம், தூக்கம் எல்லாத்தையும் அடக்கத் தெரியும். இன்னிக்கு ஒரு நாள். பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடுவேன். யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல.

— இன்னிக்கும் பாதியில ஏறினா?

— ஏற மாட்டேன்.

— ஏறினா?

— ...எனக்குப் பதிலா மாத்து ஆள் விண்வெளிக்குப் போவார். தெரியும். மனுஷன் பெட்டியைக் கட்டிட்டு உக்காந்திருக்கார். என்னைப் பாக்கும்போதெல்லாம் "உடம்பு எப்படி சார் இருக்கு?"ன்னு ஒரு பாசமான விசாரிப்பு வேற.

— அப்ப இதைப் போடுங்க. இந்தாங்க தண்ணி. குடிங்க.

— முடியாது மேடம்.

— ஏன் முடியாது? எல்லாரும்தான் போடறாங்க. ஏற்கெனவே மேல போய்ட்டு வந்த அத்தனை பேரும் போட்டாங்க. வீரத்துல குறைஞ்சு போயிட்டாங்களா?

— அவங்க வேற. என்னால முடியாது. விட்டுடுங்களேன்... உங்களை வெளிய என்னன்னு கூப்பிடறாங்கன்னு தெரியுமா?

— ஜட்டி மேடம். கேன்டீன்ல என் காதுபடவே சொல்றாங்க. அந்த ஜட்டி இல்லாம ஒருத்தரும் இந்தக் கட்டடத்தைத் தாண்டி மேல போக முடியாது. சொல்லிட்டுப் போகட்டும். பேச்சை மாத்தினது இதோட ரெண்டாவது தடவை.

— சார்! டாக்டர் பேசறேன். உள்ளதானே இருக்கீங்க? இறங்கறதுக்கு முன்னாடி எடை பாக்கணும். வெளிய வர்றீங்களா?

— டாக்டர், உள்ள நானும் இருக்கேன். இடுப்புல தொய்வு இருக்கு, சரி பண்ணிக்கிட்டிருக்கேன். கொஞ்ச நேரம் ஆகும்.

— தொட்டி தயாரா இருக்கு மேடம். முங்கற ஆளுங்க எல்லாம் கரையில உக்காந்திருக்காங்க.

— உக்காந்திருக்கட்டும். கூப்பிடறேன்.

— சரி மேடம். சீக்கிரம்.

— ...போயிட்டாரா?

— போயிட்டார். இப்ப ரெண்டே வழிதான் கேப்டன். ஒண்ணு, நடந்ததை நடந்தபடி என்கிட்ட சொல்லணும். இல்லைன்னா அந்தக் கதவைத் திறந்து, "டாக்டர், இவர் நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல"ன்னு நான் சொல்லணும். மயங்கிக் கிடக்கற ஆளைத் தண்ணிக்கடியிலேர்ந்து தூக்க என்னால ஆகாது.

— மிரட்டறீங்க.

— ஆமா, மிரட்டறேன்.

— வரல மேடம்.

— என்ன?

— போன வாரம். போட்டுக்கிட்டுதான் இறங்கினேன். நல்லா தண்ணியும் குடிச்சிருந்தேன். பாதி நேரம் போகறதுக்குள்ள அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. சரி, இதுக்குத்தானே போட்டிருக்கோம், விட்டுடலாம்னு பாக்கறேன்... வரல. என்ன முக்கியும் வரல. வலியில கண்ணு இருட்டிக்கிட்டு வருது. காதுல டாக்டர் "சார், நாடி ஏறுது, என்ன ஆச்சு?"ங்கறார். என்னன்னு சொல்வேன்? மைக்ல அத்தனை பேரும் கேக்கறாங்க. வாயில வந்தது கையுறை.

— அதனால இந்தத் தடவை தண்ணியே குடிக்காம போயிடலாம்னு.

— உள்ள போனாத்தானே வெளிய வரணும்...

— கணக்கு நல்லாத்தான் இருக்கு. செத்துப் போயிருப்பீங்க.

— சிரிக்காதீங்க மேடம்.

— நான் சிரிக்கல. உக்காருங்க. இதைக் குடிங்க. மொதல்ல குடிங்க... ம். இன்னொண்ணு. ஏன் வரல?

— தெரியல.

— தெரியும்.

— ...ஹாஸ்டல்.

— எந்த ஹாஸ்டல்?

— சின்ன வயசுல. மூணாங்கிளாஸ். அம்மா போயிட்டாங்க, அப்பாவுக்கு ஊர் ஊரா மாத்தல். கொண்டு போய் ஹாஸ்டல்ல விட்டார். தூக்கத்துல படுக்கையை நனைச்சுடுவேன். வார்டன் ரெண்டு மூணு தடவை திட்டினார். அப்புறம் ஒரு நாள் காலைல, நனைஞ்ச மெத்தையைச் சுருட்டி என் தலையில வெச்சு, மைதானத்தைச் சுத்தச் சொன்னார். மேல மாடி ஜன்னல் பூரா முகம். கத்தறாங்க, தட்டு தட்டறாங்க. மெத்தையிலேர்ந்து சொட்டி கண்ணுல விழுது. துடைக்கக் கையில்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன் மேடம். இனிமே ஒரு சொட்டு என்னைக் கேக்காம வெளிய வரக்கூடாதுன்னு. அப்படியே நின்னுடுச்சு. ஒரு தடவை எஞ்சின் தீப்பிடிச்சு ஆகாசத்துலேர்ந்து குதிச்சேன். அப்பக்கூட... வரல.

— வீட்டம்மாவுக்குத் தெரியுமா?

— அவளுக்கு என் பாங்க் பாஸ்வேர்டுலேர்ந்து எல்லாம் தெரியும். இது தெரியாது.

— சரி. அந்தப் பையன் அன்னிக்கு என்ன சொன்னான்? "என்னைக் கேக்காம வரக்கூடாது." அப்படித்தானே?

— ஆமா.

— இன்னிக்கு நீங்க கேட்டுத்தானே வரப்போகுது? நீங்களா போடறீங்க, நீங்களா நேரம் பாத்து விடறீங்க. அந்த வார்டனுக்கு இதுல என்ன வேலை?

— வாய்ல சொல்றது சுலபம்.

— அதான் செஞ்சு பாக்கலாம்கறேன்.

— என்னது?

— இங்கயே. இப்பவே. பழகாததைத் தண்ணிக்கடியில முதல் தடவையா எவனும் செய்ய மாட்டான். போல்ட்டுத் திருகறதை மட்டும் அத்தனை தடவை ஒத்திகை பாத்தீங்க இல்ல? இதை ஒரு தடவையாவது பாத்தீங்களா?

— மேடம், உங்களுக்குப் பைத்தியமா?

— அந்தத் திரைக்குப் பின்னாடி போய் இதை மாட்டிக்கிட்டு வாங்க. பாட்டில் பூரா காலியாகணும்.

— நான் ஒரு படைத்தலைவன் மேடம்...

— மாட்டிட்டு வாங்க படைத்தலைவரே.

*

— மேடம்.

— இருக்கேன். சுவத்தைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்.

— ரொம்ப நேரமா முட்டிக்கிட்டு நிக்குது. ஆனா வாசல்ல பூட்டு.

— பல்லைக் கடிக்கறீங்களா?

— ...ஆமா.

— வாயைத் திறங்க. லேசா. தாடையைத் தொங்க விடுங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க. முக்காதீங்க. முக்கினா பூட்டு இன்னும் இறுகும். மூச்சை மட்டும் மெதுவா வெளிய விடுங்க.

— ஹூ...

— குழாயைத் திறந்து விடறேன். தண்ணி சத்தம் கேட்டா வரும்.

— அது குழந்தைங்களுக்கு.

— நீங்க இப்ப மூணாங்கிளாஸ்தான். கேக்குதா?

— கேக்குது. தண்ணிதான் வீணாப் போகுது.

— பாட்டு பாடட்டுமா?

— வேண்டவே வேண்டாம். ஆண்டு விழாவுல கேட்டிருக்கேன். வர்றதும் நின்னுடும்.

— கொழுப்பு குறையல. சரி, மேல போய் என்ன வேலைன்னு சொல்லுங்க. எனக்கு ஒழுங்கா தெரியாது.

— இப்பவா?

— ஆமா. சும்மா நின்னா அதையேதான் நினைப்பீங்க. சொல்லுங்க.

— விண்வெளி நிலையத்துக்கு வெளிய குளிரூட்டற பம்பு ஒண்ணு பழுது. அதைக் கழட்டிட்டு புதுசை மாட்டணும். மாட்டலைன்னா ஒரு பக்கம் பூரா சூடேறிடும், உள்ள இருக்கறவங்க அந்தப் பக்கத்தை மூடிட்டு ஒண்டிக்கணும்.

— எப்படிக் கழட்டுவீங்க?

— முதல்ல என்னைக் கயித்தால கட்டிப்பேன். மூடியைத் திறப்பேன். உள்ள நாலு பெரிய போல்ட்டு. மேல் இடதை முதல்ல தளர்த்தணும், முழுசா எடுக்கக்கூடாது. அப்புறம் எதிர் மூலை. கீழ் வலது. அதைத் தளர்த்திட்டு, பம்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு மூணாவது போல்ட்டை...

— ம்.

— மூணாவது போல்ட்டை... மேடம்.

— என்ன?

— ஒண்ணும் பேசாதீங்க.

— ...

— ...

— ...

— ...நாலாவது போல்ட்டைத் தளர்த்தணும்.

— அப்புறம்?

— அப்புறம் பம்பு தானா கையோட வந்துடும். அவ்வளவுதான் மேடம். அவ்வளவுதான்.

— எங்கயாவது ஒழுகுதா?

— இல்ல.

— தொடைப் பக்கம் ஈரம்?

— இல்ல மேடம். சொட்டுகூட இல்ல.

— ஒழுகாது. எனக்குத் தெரியும். குழாயை மூடறேன். இதைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க. அது மேல பனியன். அது மேல குழாய்ச் சட்டை. முகத்தைக் கழுவுங்க.

— சார்! மேடம்! இன்னும் எவ்வளவு நேரம்?

— வந்தாச்சு டாக்டர். தொய்வு சரியாயிடுச்சு.

— வாங்க சார், மேடையில ஏறி நில்லுங்க. ம்... எடை பரவால்லையே. போன வாரம் நீங்க நின்ன கோலத்துக்கு இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு. கண்ணு மட்டும் ஏன் சார் கலங்கியிருக்கு?

— தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி குடிச்சுட்டேன் டாக்டர்.

*

— சார், டாக்டர் பேசறேன். கேக்குதா?

— நல்லா கேக்குது.

— எந்த போல்ட்டுல இருக்கீங்க?

— ரெண்டாவது முடிஞ்சுது. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மூணாவது.

— நாடி ஏறுது சார். போன வாரமும் இதே இடத்துலதான் ஏறிச்சு. கையுறை இறுக்குதா?

— ...இல்ல.

— தலை சுத்தல்? கண்ணு மங்கல்? சார்? பதில் சொல்லலைன்னா மேல தூக்கச் சொல்லிடுவேன்.

— டாக்டர், மைக்கை என்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க.

— மேடம், இது மருத்துவ விஷயம்...

— இது என் உடுப்பு விஷயம். குடுங்க. கேப்டன், நான்தான்.

— சொல்லுங்க மேடம்.

— குழாய்ச் சட்டையில குளிர் சரியா இருக்கா?

— இருக்கு.

— தாடை?

— ...கடிச்சிருக்கேன்.

— தெரியும். மூணாவது போல்ட்டு என்ன பண்ணணும்னு எனக்கு மறந்து போச்சு. சொல்லுங்களேன்.

— எல்லாரும் கேக்கறாங்களா மேடம்?

— எல்லாரும்தான். கேட்டுட்டுப் போகட்டும். சொல்லுங்க.

— பம்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு... மூணாவது போல்ட்டை... இடது பக்கமா...

— ...

— ...

— மேடம், என்ன ஆச்சு இவருக்கு? ஏன் பேச்சைக் காணோம்?

— பொறுங்க டாக்டர்.

— நாடி... இருங்க. இறங்குதே. விறுவிறுன்னு இறங்குது. என்ன பண்ணீங்க மேடம்?

— நான் ஒண்ணும் பண்ணல. வேலை தெரிஞ்சவர், வேலையைப் பாக்கறார்.

— மூணாவது போல்ட்டு தளர்ந்தாச்சு. நாலாவதுக்குப் போறேன்.

— சார், நல்லா இருக்கீங்களா?

— பறக்கறேன் டாக்டர். ஒரு விஷயம் சொல்லணும்.

— சொல்லுங்க.

— போன வாரம் கையுறையில ஒரு கோளாறும் இல்ல. அடக்கி வெச்சிருந்தேன். போட்டிருந்த டயப்பர்ல போகத் தெரியாம வலி தாங்காம ஏறிட்டேன்.

— சார்... சார், மைக் எல்லாருக்கும் கேக்குது. முங்கி நிக்கறவங்க, கட்டுப்பாட்டு அறை, எல்லாருக்கும்.

— தெரியும். அதுக்குத்தான் இப்ப சொல்றேன். கையுறைப் பிரிவுல அந்த அக்கா இருந்தா அவங்களுக்கும் கேக்கட்டும். அவங்க தையல் மேல ஒரு குறையும் இல்ல. பொய் சொன்னது நான்.

— ...நான் இதை மேலிடத்துல சொல்லித்தான் ஆகணும் சார்.

— சொல்லுங்க. பயணத்துலேர்ந்து என்னைத் தள்ளினாலும் சரி. ஆனா இந்த பம்பைக் கழட்டி மாட்டிட்டுத்தான் இன்னிக்கு மேல வருவேன். அதுவரைக்கும் யாரும் என்னைத் தூக்க வேண்டாம்.

*

— மெதுவா, கையை எடுங்க... தோள் வலிக்குதா?

— எங்க வலிக்கலைன்னு கேளுங்க மேடம். இந்தக் குழாய்ச் சட்டையை உரிக்கும்போது தோலும் கூடவே வருது.

— ஒட்டியிருந்தாத்தான் குளிர் பிடிக்கும். திரும்புங்க.

— கையுறை அக்கா கரையில நின்னுக்கிட்டிருந்தாங்க. கும்பிடு போட்டு மன்னிப்பு கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. நடுவிரலைப் பிடிச்சு நல்லா ஒரு தடவை முறுக்கினாங்க. "இப்ப இறுக்குதா?"ன்னு கேட்டாங்க.

— நல்லா வேணும்.

— முங்கினவங்கள்ல ஒருத்தர் தனியா வந்து, காதோட சொன்னார்... அவருக்கும் இதே பிரச்சனையாம். பல வருஷமா. குடும்பத்தோட வெளியூர் போனா திண்டாட்டமாம்.

— சொல்ல ஆரம்பிச்சா வரிசையா வருவாங்க. டாக்டர் இந்தப் பக்கம்தான் வர்றார்.

— சார், மேடம்... மேலிடத்துல பேசிட்டேன்.

— சொல்லுங்க டாக்டர். நின்னுக்கிட்டேதான் கேக்கணுமா, உக்காந்துக்கவா?

— பொய் சொன்னதுக்கு உங்களுக்கு நல்ல பாட்டு காத்திருக்கு. நாளைக்குத் தலைவர் அறைக்குப் போகணும். தயாரா போங்க.

— போறேன். அப்புறம்?

— வேலை சுத்தமா முடிஞ்சுது. மைக்ல உண்மையைச் சொன்னதையும் எல்லாரும் கேட்டாங்க. அதனால... மேல போறது நீங்கதான் சார். மாத்து ஆள் பெட்டியைப் பிரிக்கப் போயிட்டார். வாழ்த்துச் சொல்லச் சொன்னார். கொஞ்சம் வருத்தமாத்தான் சொன்னார். நான் வர்றேன் சார்.

— மேடம்...

— அழாதீங்க. குழாய்ச் சட்டை நனைஞ்சா காயவெக்கணும்.

— நீங்க இல்லைன்னா...

— அதெல்லாம் வேண்டாம். திரைக்குப் பின்னாடி போய் மாத்திட்டு வாங்க. வீட்டம்மாவுக்கு போன் பண்ணுங்க. அந்த ஹாஸ்டல் கதையையும் சேத்துச் சொல்லுங்க.

— சொல்றேன். இன்னிக்கே சொல்றேன். ...மாத்திட்டு வந்துட்டேன் மேடம். ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— இந்த டயப்பர் இருக்கே... இதுக்கு மேல பனியன், குழாய்ச் சட்டை, அதுக்கும் மேல அலமாரி மாதிரி ஒரு சூட். உள்ள காத்து ஊதற சத்தம், பம்பு சத்தம், டாக்டர் சத்தம். அப்படியிருக்க, இந்தத் துணி நடந்தா ஒரு சரசரப்பு இல்ல. வாடை இல்ல. மெலிசுன்னா அவ்வளவு மெலிசு, ஆபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போனாக்கூட யாருக்கும் தெரியாது. ஆகாசத்துல யார் காதுல விழப்போகுதுன்னு இவ்வளவு மெனக்கெட்டீங்க?

— ...

— மேடம்? தப்பா ஏதாவது கேட்டுட்டேனா? வேண்டாம்னா விடுங்க.

— என் பொண்ணு பொறந்தப்போ உள்ள கிழிஞ்சு போச்சு கேப்டன். தச்சாங்க, தையல் பிடிக்கல. மறுபடி தச்சாங்க, அதுவும் பிடிக்கல. அவ இப்ப காலேஜுக்குப் போறா. உங்களுக்கு வர மாட்டேங்குது... எனக்கு நிக்க மாட்டேங்குது. அத்தனை பெரிய மனுஷங்க உக்காந்திருக்கற கூட்டத்துல நான் எழுந்து நடந்து போய்ப் பேசணும் இல்லையா, சரசரன்னு சத்தம் வரலாமா? நீங்க கழட்டிட்டீங்க. இந்த ரூம்ல இன்னும் அதைப் போட்டுக்கிட்டு நிக்கறது நான்தான்.